சத்தம் போடாத கரண்டு

"அம்மிணி, கிரைண்டரை நிறுத்திரு. மாவு ஆனது போதும், மீட்டரு ஓடுது."

அத்தை திண்ணையிலிருந்து குரல் கொடுத்தபோது உளுந்து இன்னும் பொங்கி வரவில்லை. மாதக் கடைசி. மீட்டர் அட்டையில் போன தடவை எழுதின ரீடிங்கிலிருந்து கழித்துப் பார்த்தால் 482 யூனிட் ஓடியிருந்தது. கணக்கெடுக்க வர இன்னும் நாலு நாள். 500-ஐத் தாண்டக் கூடாது என்பது அப்போது எங்கள் வீட்டில் ஏகாதசி விரதம் மாதிரி. நான் நிறுத்தவில்லை. அரைகுறையாக அரைத்த உளுந்தில் இட்லி சுட்டு அதை யார் தின்பது?

அத்தை பேசிக்கொண்டிருந்த அதே நேரத்தில், கிரைண்டருக்குப் பத்தடி தள்ளி மோட்டார் ரூமில் ஸ்டார்ட்டர் லேசாக 'ம்ம்' என்று முனகிக்கொண்டிருந்தது. உள்ளே ஏழரை எச்.பி. மோட்டாருக்குக் கரண்டு போய்க்கொண்டிருக்கிறது. மோட்டார் இருப்பது எழுநூறு அடிக்குக் கீழே, போருக்குள். அங்கே அது எப்படிக் கத்தினாலும் மேலே கேட்காது. தொட்டியில் ஒரு இஞ்ச் தண்ணீர் விழும் சத்தம் மட்டும்தான். அதைப் பார்த்து ஒருவரும் "நிறுத்து" என்று சொல்வதில்லை. அந்தச் சுவரில் மீட்டரும் இல்லை.

ஒரே வாசல், ஒரே கம்பத்திலிருந்து இறங்கும் ஒயர். இந்தப் பக்கம் போனால் யூனிட் யூனிட்டாக எண்ணுகிறோம், அந்தப் பக்கம் போனால் எண்ணுவதே இல்லை. பெருமாநல்லூருக்கும் குன்னத்தூருக்கும் நடுவில் இந்தத் தோட்டத்துக்கு நான் மருமகளாக வந்து பத்தொன்பது வருடம் ஆகிறது. இந்த ரெண்டு சுவரையும் பார்த்துப் பார்த்து எனக்குச் சில அபிப்பிராயங்கள் வந்திருக்கின்றன.

என் பிழைப்பைச் சொல்லிவிடுகிறேன். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் காஸ்டிங் பார்க்கிறேன். ஒரு பீஸுக்கு நூல் எத்தனை கிராம், நிட்டிங் எவ்வளவு, டையிங் எவ்வளவு, காம்பாக்டிங், பிரிண்டிங், தையல் கூலி, லேபிள், பாலிபேக் என்று பைசா பைசாவாகப் பிரித்து எழுதுவது வேலை. பகலெல்லாம் அதைச் செய்துவிட்டு வீட்டுக்கு வந்தால் கை சும்மா இருக்காது. போன வருடம் சித்திரையில் ஒரு நோட்டுப் போட்டு, வீட்டில் எந்தச் சாமான் எவ்வளவு இழுக்கிறது என்று எழுத ஆரம்பித்தேன்.

எழுதியதில் முதலில் தெரிந்தது இது: வீட்டில் இருப்பவர்கள் சத்தத்தை வைத்துத்தான் கரண்டை அளக்கிறார்கள். கிரைண்டர் கடகடவென்று ஓடுகிறது, அதனால் அதுதான் பில்லை ஏற்றுகிறது. மிக்ஸி அலறுகிறது, அடுத்த குற்றவாளி அதுதான். உண்மையில் எங்கள் வீட்டு டில்ட்டிங் கிரைண்டர் அரை எச்.பி. ஒரு ஈடு மாவுக்கு முக்கால் மணி நேரம் ஓடினாலும் கால் யூனிட்டைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். வாரம் ரெண்டு தடவை ஆட்டினால் ரெண்டு மாதத்துக்கு அஞ்சு யூனிட்கூட ஆகாது. குளியலறைச் சுவரில் வெள்ளையாக, அடக்கமாக, சத்தமே இல்லாமல் தொங்குகிற வாட்டர் ஹீட்டர் ரெண்டு கிலோவாட். அரை மணி நேரம் போட்டு மறந்தால் ஒரு யூனிட். அதை ஒருவரும் திட்டியதில்லை. (மார்கழியில் மறுபடி பின்கட்டில் தண்ணி அடுப்பு மூட்டிவிட்டோம். தென்னை மட்டைக்கு என்ன பஞ்சம்?)

கிரைண்டரைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லாமல் போக முடியாது, கோயமுத்தூர்ச் சீமையில் அது குலதெய்வத்துக்கு அடுத்தபடி. 1955 வாக்கில் கோவையில் பி.சபாபதி என்பவர் கையால் ஆட்டுகிற ஆட்டுக்கல்லுக்கு மோட்டார் பூட்டினதில் தொடங்கிய கதை. கல்லுக்கு ஊத்துக்குளிப் பக்கத்துக் கருங்கல். ஊத்துக்குளி என்றால் ஊருக்கெல்லாம் வெண்ணெய்தான் ஞாபகம் வரும், எங்களுக்குக் கல்லும் சேர்ந்து வரும். 'கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்' என்று புவிசார் குறியீடுகூட வாங்கியாகிவிட்டது. 2011-ல் ஜெயலலிதா அரசு மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி என்று மூன்றையும் இலவசமாகக் கொடுத்தபோது, இந்தச் சாமானைச் செய்யத் தெரிந்த ஊர் இது என்பதால் பட்டறைகளுக்கு ராப்பகலாக வேலை. அப்படிப்பட்ட சாமானுக்கு 2022 ஜூலையில் ஜி.எஸ்.டி.யை 5 சதவீதத்திலிருந்து ஒரே தாவாக 18-க்குக் கொண்டுபோனார்கள். டில்லியில் உட்கார்ந்து பட்டியல் போட்டவர்களுக்கு இட்லி மாவு ஆடம்பரமாகப் பட்டிருக்கும்போல. அதைப் பற்றி இதற்கு மேல் பேசினால் எனக்குக் கோபம் வரும், விடுங்கள்.

கரண்டைத் தின்பது கிரைண்டர் இல்லை என்றால் வேறு எது? நோட்டுப்படி, ஃபேன். ஐந்து ஃபேன், அதில் மூன்று ராத்திரி பகலாகச் சுற்றும். பழைய சாதாரண ஃபேன் 75 வாட் இழுக்கும். இப்போது வருகிற, கரண்டு குறைவாக இழுக்கிற மோட்டார் வைத்த பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட். ஒரு நாளைக்குப் பதினாலு மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், ஒரு ஃபேனுக்கு ரெண்டு மாதத்தில் 38 யூனிட் மிச்சம். நாலரை ரூபாய் ரேட்டில் 170 ரூபாய். புது ஃபேனுக்கும் பழைய ரகத்துக்கும் விலை வித்தியாசம் நான் வாங்கியபோது ஆயிரத்து முந்நூறு. ஒன்றரை வருடத்தில் வந்துவிடும். என் கம்பெனியில் ஒரு மெஷினுக்கு இப்படிக் கணக்குக் காட்டினால் முதலாளி அன்றைக்கே செக் எழுதுவார்.

வாங்கினேன். ஏழாவது மாதம் அதில் ஒன்று நின்றுபோனது. கடையில் கேட்டால், "அதுக்கெல்லாம் நாங்க பொறுப்பில்லைங்க, கஸ்டமர் கேருக்குப் பேசுங்க" என்றார்கள். விற்கும்போது பொறுப்பு இருந்த அதே வாய். கஸ்டமர் கேரில் ஒன்றை அழுத்து, நாலை அழுத்து என்று அரை மணி நேரம். கடைசியில் எங்கள் ஊர் எலக்ட்ரீசியனையே கூப்பிட்டேன். கழற்றிப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார். "பழைய ஃபேனுன்னா கெப்பாசிட்டர் மாத்திப் போடுவனுங்க்கா, அறுபது ரூவா. இதுல போர்டு போயிருக்குதுங்க. போர்டு நம்மகிட்ட இல்லீங்க." போர்டு வந்து சேரப் பதினெட்டு நாள் ஆயிற்று, விலை எண்ணூறு. வைகாசி வெயிலில் அந்தப் பதினெட்டு நாளும் அத்தை என்னைப் பார்த்த பார்வைக்கு நோட்டில் கட்டம் இல்லை.

மோட்டார் எரிந்தால் தெருவுக்கு ஒருவர் காயில் கட்டிக் கொடுக்கிற ஊர் இது. பழுது பார்க்க ஆள் இல்லாத சாமானை வாங்குவது எங்களுக்குப் புதிது. 2023 ஜனவரியிலிருந்து ஃபேனுக்கும் ஸ்டார் ஸ்டிக்கர் கட்டாயமாக்கினார்கள், நல்லதுதான். எவ்வளவு கரண்டு மிச்சம் என்று சொல்வதுபோல, கெட்டுப்போனால் எத்தனை நாளில் சரியாகும், உதிரி எங்கே கிடைக்கும் என்பதற்கும் ஒரு ஸ்டார் போட்டால் தேவலை. மற்ற ரெண்டு ஃபேனும் இன்னும் ஓடுகின்றன என்பதையும் சொல்லிவிட வேண்டும். (ஸ்டிக்கரை மாமனார் விலைச்சீட்டு என்று நினைத்து, ஒறம்பரை (சொந்தபந்தம்) வந்து பார்த்தால் நன்றாக இருக்காது என்று கிழித்துவிட்டார்.)

இனி அந்த 500-க்கு வருகிறேன். 2022 செப்டம்பரில் ஏறிய கட்டணத்தை வைத்தே சொல்கிறேன். அதற்கப்புறமும் கொஞ்சம் ஏறியிருக்கிறது, ஆனால் கோடு அதே இடத்தில்தான் கிடக்கிறது. ரெண்டு மாதத்துக்கு 500 யூனிட் ஓடினால் முதல் 100 இலவசம், இது 2016-ல் வந்தது. அடுத்த 100-க்கு யூனிட் 2.25, அதற்கடுத்த 200-க்கு 4.50, கடைசி 100-க்கு 6 ரூபாய். மொத்தம் 1,725. சரி, 501 ஓடினால்? ஒரு யூனிட்தானே என்று நினைப்பீர்கள். அந்த 501-வது யூனிட்டுக்கு 8 ரூபாய். அதோடு போகாது. 500-ஐத் தாண்டியவருக்கு அந்த 2.25 சலுகை கிடையாது, அதுவும் 4.50 ஆகிவிடும். பில் 1,958. ஆக, அந்த ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய்.

இதை ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் எல்லாருக்கும் விளக்கினேன். மாமனார் மட்டும் கவனித்துக் கேட்டார். "அப்ப அந்த ஒரு யூனிட்ட நாம ஓட்டாம உட்டா 233 ரூவா சம்பாரிச்ச மாதிரியா?" என்றார். ஆமாம் என்றேன். அன்றிலிருந்து பிடித்ததுதான் இந்த விரதம். மாதக் கடைசியில் அத்தை டி.வி.யின் சிவப்பு விளக்கைக்கூட அணைக்கிறார். நான்தான் ஆரம்பித்து வைத்தேன், அதனால் வாயைத் திறக்க முடிவதில்லை. அக்கம்பக்கத்தில் மாடி கட்டினால் முதல் வேலையாக மாடிக்குத் தனி சர்வீஸ் வாங்குவதும் இந்தக் கோட்டுக்குப் பயந்துதான். ஒரே குடும்பம், ஒரே அடுப்பு, ரெண்டு மீட்டர்.

மாதாமாதம் கணக்கெடுப்போம் என்று 2021 தேர்தலில் தி.மு.க.வினர் வாக்குறுதி கொடுத்தார்கள். அது வந்தால் பில் பாதியாகிவிடும் என்று எங்கள் கம்பெனியில் நிறையப் பேர் நம்புகிறார்கள். மாதக் கணக்குக்கு வரும்போது கோடும் 250-க்கு வந்துவிட்டால் லாபம் எங்கிருந்து வரும்? ஒரு மாதம் வெயில், ஒரு மாதம் மழை என்று மாறி வந்தால் இப்போதிருக்கிற ரெண்டு மாதக் கணக்கில் கூடக்குறைய ஒன்றுக்கொன்று சரிக்கட்டிக்கொள்ளும். மாதாமாதம் என்றால் வெயில் மாதத்தில் தனியாக மாட்டுவோம். இதைச் சொன்னதற்கு நான் ஆளுங்கட்சிக்காரியாகிவிட்டேன். போகட்டும்.

கோட்டுப் பயம் என்னையும் ஒரு தடவை முட்டாளாக்கியது. வீட்டுக்காரர் எலக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்கலாம் என்றபோது நான் ஒரே பிடியாக வேண்டாமென்றேன். ஒரு சார்ஜுக்கு மூன்று யூனிட்டுக்கு மேல் ஆகும், ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டால் ரெண்டு மாதத்துக்கு 100 யூனிட், நாம் கோட்டைத் தாண்டிவிடுவோம் என்றேன். அவர் என் நோட்டையே வாங்கி எதிர்ப்பக்கத்தில் எழுதினார். 480 யூனிட்டுக்கு 1,605, 580 யூனிட்டுக்கு 2,590. கூட 985 ரூபாய். ஒரு சார்ஜில் எண்பது கிலோமீட்டர் என்றால் முப்பது சார்ஜில் 2,400 கிலோமீட்டர். அதே தூரத்துக்குப் பெட்ரோல் வண்டி ஐம்பது லிட்டருக்கு மேல் குடிக்கும், லிட்டர் நூறு ரூபாய்க்கு மேல். "ஆயிரத்தைக் காப்பாத்த அஞ்சாயிரத்த ஊத்திட்டு இருக்கறயா?" என்று கேட்டார். காஸ்டிங் பார்க்கிறவளுக்கு இதைவிட அவமானம் கிடையாது. ஸ்கூட்டர் வந்துவிட்டது. 500-ஐத் தாண்டுகிறோம். ஆனாலும் பழக்கதோஷம், மாதக் கடைசியில் இன்னும் கிரைண்டரைத்தான் நிறுத்தச் சொல்கிறார்கள்.

ஸ்கூட்டருக்கு முன்னாடியே சோலாருக்கும் வந்தார்கள். 2024 பிப்ரவரியில் மத்திய அரசின் சூர்யகர் திட்டம் வந்ததிலிருந்து சாயங்கால நேரத்தில் ஃபைலோடு வருகிறவர்களுக்குப் பஞ்சமில்லை. மூன்று கிலோவாட்டுக்கு மானியம் 78,000. போக நம் கைக்காசு ஒரு லட்சத்துக்கு மேல் ஆகும் என்றார் வந்தவர். "பில்லே வராதுங்க்கா." அதுவும் பொய்யில்லை. நம் வெயிலுக்கு மூன்று கிலோவாட் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு யூனிட் கொடுக்கும், ரெண்டு மாதத்துக்கு 720. எங்கள் தேவை அப்போது ஐந்நூறுக்குள், போதும். ஸ்கூட்டர் வருமுன் எங்கள் பில் 1,725-ஐத் தாண்டாது. மொத்தமும் மிச்சம் என்றாலும் வருடத்துக்குப் பத்தாயிரத்துச் சொச்சம். போட்ட காசு திரும்பப் பத்து வருடம் ஆகும்.

இப்போது ரெண்டு ஏ.சி. வைத்து ஆயிரம் யூனிட் ஓட்டுகிற வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அவர்கள் பில் 6,550. அதே மூன்று கிலோவாட் போட்டால் மீதி 280 யூனிட்டுக்கு 585 ரூபாய் கட்டினால் போதும். ஒரு தடவைக்கு ஆறாயிரம் மிச்சம், மூன்றே வருடத்தில் போட்டது வந்துவிடும். மானியம் ரெண்டு வீட்டுக்கும் அதே 78,000. எங்களுக்கு அரசு ஏற்கெனவே முதல் நூறு யூனிட்டை இலவசமாகவும் அடுத்ததைச் சலுகையிலும் கொடுத்து சோலாரை வேண்டாத சாமானாக்கிவிட்டது. ஏ.சி. வீட்டுக்குக் கட்டணத்தை ஏற்றி சோலார் பக்கம் தள்ளுகிறது. யாரும் சதி செய்யவில்லை, சென்னையில் ஒரு கணக்கு, டில்லியில் ஒரு கணக்கு, ரெண்டும் எங்கள் மொட்டை மாடியில் வந்து மோதுகின்றன. சோலார் நல்லது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வந்தவருக்குக் காபி கொடுத்து அனுப்பினேன்.

கரண்டில் ஏமாந்த வடு வேறு இருக்கிறது. 2012-ல் இந்தப் பக்கம் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு, பதினாலு மணி நேரம் கரண்டு இருக்காது. ஆடிக் காற்று அடித்து உடுமலை, பல்லடம் பக்கத்துக் காற்றாடிகள் சுற்றினால் கொஞ்சம் பரவாயில்லை, ஐப்பசி வந்தால் பழையபடி. அந்தப் பயத்தில் கடன் வாங்கிப் போட்ட இன்வர்ட்டர் இன்னும் மூலையில் உட்கார்ந்திருக்கிறது. கரண்டு போவது அபூர்வமாகிவிட்டது. ஆனாலும் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றுகிறோம், அது எந்நேரமும் சொட்டுச் சொட்டாகக் கரண்டைக் குடித்துக்கொண்டிருக்கிறது. எடுத்துப் போட மனசு வரவில்லை. சத்தமில்லாமல் தின்கிறவர்கள் பட்டியலில் அதற்கும் ஒரு வரி.

அந்தப் பட்டியலில் முதல் வரியை நான் எழுதவே இல்லை. நோட்டில் மோட்டார் கிடையாது. எழுத வேண்டிய அவசியமும் இல்லை, விவசாய மோட்டாருக்கு ஃப்ரீ சர்வீஸ், கரண்டு இலவசம்.

வெளியூர்க்காரர்கள், குறிப்பாக ஐ.டி. படித்த என் தம்பி, இதைக் கேட்டதும் ஒரு முகத்தை வைத்துக்கொள்வார்கள். "இலவசமாக் கொடுத்தா இப்படித்தான்" என்கிற முகம். அவர்களுக்கு இந்த மண்ணில் தண்ணீர் எப்படி மேலே வந்தது என்று தெரியாது. எங்கள் பக்கம் ஆற்றுப்பாசனம் இல்லை, கிணறுதான். மாமனாருடைய அப்பா எருது பூட்டிக் கிணற்றுத் தண்ணீரைக் கவலையில் இறைத்தவர். 1932-ல் நீலகிரியின் பைக்காரா மின்சாரம் கோயமுத்தூருக்கு இறங்கி மில்கள் பெருகின. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கம்பம் தோட்டங்களுக்கு வந்தது. மோட்டாரும் பம்பும் கோயமுத்தூர்ப் பட்டறையிலேயே செய்தார்கள். கிணறு வற்ற வற்ற ஆழம் போனார்கள், போர் போட்டார்கள், முந்நூறு அடி, அறுநூறு, ஆயிரம். தண்ணீர் கீழே போகப் போக கரண்டுதான் கயிறு.

அந்தக் கயிற்றுக்கு விலை ஏறியபோதுதான் 1970-ல் விவசாயிகள் தெருவுக்கு வந்தார்கள். யூனிட்டுக்குப் பைசாக் கணக்கில் ஏற்றியதை எதிர்த்த போராட்டம். பெருமாநல்லூரில் போலீஸ் சுட்டதில் மூன்று விவசாயிகள் செத்தார்கள். நினைவிடம் இருக்கிறது, பஸ்ஸில் போகும்போது தலையைத் திருப்பிப் பார்ப்பவர்கள் இப்போது குறைவு. 1972-ல் விவசாயிகள் சங்கத் தலைவர் நாராயணசாமி நாயுடு தலைமையில் கோயமுத்தூர் முழுக்க மாட்டுவண்டியைக் கொண்டுபோய் நிறுத்தி ஊரையே ஸ்தம்பிக்க வைத்தார்கள். அப்புறம் பல வருடம் போராடி, 1989-91 கருணாநிதி ஆட்சியில் எல்லா விவசாயிக்கும் இலவச மின்சாரம் வந்தது. பெருமாநல்லூர் சம்பவத்தின்போது மாமனாருக்குப் பதினேழு வயசு. அன்றைக்கு அவருடைய ஆத்தா கதவைச் சாத்தி வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டாராம். இன்றைக்கும் அதைச் சொல்லும்போது, "யூனிட்டுக்குப் பைசாதானுங்க" என்று விரலைக் காட்டுவார். எத்தனை பைசா என்று விரல் சொல்லாது.

எனவே யாராவது "சும்மா மீட்டர் மட்டும் மாட்டிக்கலாம், பில் போட மாட்டோம்" என்றால் இங்கே ஒருவரும் நம்ப மாட்டார்கள். வீட்டுச் சுவரில் ஒரு கோடு 233 ரூபாய் பிடுங்குவதைத் தினமும் பார்க்கிறவர்களிடம் போய், எதிர்ச்சுவரில் மீட்டர் மாட்டினால் ஒன்றும் ஆகாது என்று சொன்னால் எப்படி நம்புவார்கள்?

அதற்காக எல்லாம் சரியாக இருக்கிறது என்று நான் சொல்லப் போவதில்லை. இலவச சர்வீஸ் வாங்க வரிசையில் வருடக் கணக்காக நிற்கிறவர்கள் இருக்கிறார்கள். நிற்க முடியாதவர்கள் தட்கலில், அதாவது பணம் கட்டி வரிசையை முந்தி, வாங்குகிறார்கள். ஏழரை எச்.பி.க்கு 2.75 லட்சம், 10 எச்.பி.க்கு 3 லட்சம், 15-க்கு 4 லட்சம். இலவசத்துக்கு அட்வான்ஸ் மூன்று லட்சம்! கையில் காசு இருப்பவன் இலவசத்தை முதலில் வாங்குகிறான். பக்கத்துத் தோட்டத்தில் தண்ணீர் மோட்டாருக்கு எட்டாமல் போய்க் கம்ப்ரசர் வைத்துக் காற்றை அடித்துத் தண்ணீரைத் துப்ப வைக்கிறார்கள். பத்து யூனிட் காற்றுக்குப் போய் மிச்சம் மீதி தண்ணீராக வருகிற ஏற்பாடு அது. காசு கட்டுகிறவன் எவனும் அப்படி இறைக்க மாட்டான். 2024 ஆகஸ்டில் அத்திக்கடவு–அவிநாசித் திட்டத்தில் குளங்களுக்குத் தண்ணீர் வர ஆரம்பித்தது. ஆயிரத்துச் சொச்சம் குளங்கள், பவானி உபரித் தண்ணீர். அதுவும் வழியெல்லாம் மோட்டார் வைத்து ஏற்றித்தான் வருகிறது. தண்ணீரும் கரண்டும் இங்கே ஒட்டிப் பிறந்த பிள்ளைகள்.

மாமனார் மட்டும் என்ன? எழுபது வயசுக்கு மேல் ஆகியும் எங்கள் வீட்டில் புதுத் தொழில்நுட்பத்தை முதலில் பிடித்துக்கொண்டவர் அவர்தான். மோட்டாருக்கு மொபைல் ஸ்டார்ட்டர் போட்டிருக்கிறார். போன் அடித்தால் மோட்டார் ஓடும், மறுபடி அடித்தால் நிற்கும். குன்னத்தூரில் ஒரு கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்து, இடக்கையால் போனை எடுத்து மோட்டார் ஓடத் தேவையான த்ரீ பேஸ் கரண்டு வந்துவிட்டதா என்று கேட்டு மோட்டாரைப் போட்டுவிட்டுப் பாயசத்துக்குத் திரும்பியவர். ராத்திரி ரெண்டு மணிக்குப் பாம்புக்கு நடுவே டார்ச்சோடு நடந்த காலத்துக்கு இது எவ்வளவோ மேல். ஆனால் போட நினைவிருக்கும் அளவுக்கு நிறுத்த நினைவிருப்பதில்லை. தென்னந்தோப்பில் தண்ணீர் வரப்பைத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கும்.

போன சித்திரையில் மோட்டார் எரிந்தது. மூன்றாவது தடவை. வண்டி வைத்துப் பைப்பைப் பைப்பாகத் தூக்கி, மோட்டாரைக் காயில் கட்டக் கொண்டுபோனோம். கட்டுகிறவர் நேர்மையானவர். "இதுக்கு மேல கட்டறது வேஸ்ட்டுங்க. புதுசு ஒண்ணு போட்டீங்கன்னா கரண்டும் கம்மியா இழுக்கும்" என்றார்.

"கரண்டு கம்மியா இழுத்தா எனக்கு என்னுங்க வருது?" என்று மாமனார் கேட்டார்.

காஸ்டிங் பார்க்கிற நான் பக்கத்தில்தான் நின்றேன். அவர் சொன்னதில் ஒரு தப்பும் கண்டுபிடிக்க முடியவில்லை. புது மோட்டார் ஐம்பதாயிரத்துக்கு மேல், காயில் கட்டினால் அதில் கால்வாசிகூட ஆகாது. மிச்சமாகும் கரண்டுக்கு விலை சைபர். ஃபேனுக்கு நான் போட்ட அதே கணக்கைத்தான் அவரும் போடுகிறார், அவருடைய கட்டத்தில் ரேட் காலியாக இருக்கிறது. இலவசத்தை எடுக்க வேண்டாம், ஆனால் நல்ல மோட்டார் போடுகிறவருக்கு அந்த மிச்சத்தில் ஒரு பங்கு கையில் வருகிற மாதிரி எதையாவது செய்யலாமே என்று தோன்றியது. அப்படிச் செய்ய முதலில் எண்ண வேண்டும். எண்ண மீட்டர் வேண்டும். மீட்டர் என்றால் மறுபடி பெருமாநல்லூர்.

பழையதையே கட்டி, இறக்கி, பூட்டினார்கள். எலக்ட்ரீசியன் ஒயரைச் சுற்றிக் கிளாம்ப் மீட்டரைக் கவ்வ வைத்தார். எண் ஏறி இறங்கிப் பன்னிரண்டரையில் நின்றது. "பன்னெண்டரை ஆம்பியருங்க, பரவாயில்ல" என்றார். தொட்டியில் தண்ணீர் விழ ஆரம்பித்தது. மாமனார் அந்த மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சுவரில் ஒரு எண்ணை அவர் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"அம்மிணி, இத நம்ம வீட்டு ரேட்டுக்குக் கட்டறதா இருந்தா எவ்வளவு ஆகும்?"

போனை எடுத்தேன். பன்னிரண்டரை ஆம்பியர் என்றால் ஏறக்குறைய ஏழு கிலோவாட். நாளுக்கு ஆறு மணி நேரம், 42 யூனிட். ரெண்டு மாதத்துக்கு 2,520. ஆயிரம் வரைக்கும் 6,550, அதற்கு மேல் யூனிட் பதினோரு ரூபாய்.

"இருபத்தி மூவாயிரத்து இருநூத்தி எழுபதுங்க மாமா. ரெண்டு மாசத்துக்கு."

எலக்ட்ரீசியன் சிரித்தார். மாமனார் சிரிக்கவில்லை. ஒரு தடவை ரோட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அங்கே மாடு ஓட்டிக்கொண்டு போகிற பையனைத் தவிர யாரும் இல்லை.

"சத்தமாச் சொல்லாத அம்மிணி" என்றார்.